வாந்திக்காரியின் லைசென்ஸ்

வேளாங்கண்ணி என்று பேர் வைத்தார்களே ஒழிய, நாற்பத்து மூன்று வயது வரை அவள் வேளாங்கண்ணியைப் பார்த்ததில்லை. வேளாங்கண்ணியை விடுங்கள், கூப்பிடு தூரத்தில் இருக்கிற திருச்சியைக்கூடப் பார்த்ததில்லை. ஆவூரில் பிறந்து, ஆவூர்க் கோயிலில் ஞானஸ்நானம் வாங்கி, ஆவூரிலேயே மூன்று தெரு தள்ளிக் கட்டிக்கொடுக்கப்பட்டவள். ஏதோ வீட்டோடு அடங்கிக் கிடக்கிற குணம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு இடத்தில் கால் தரிக்காத பொம்பளை அவள். பிரச்சினை ஒன்றே ஒன்றுதான். பஸ்ஸில் ஏறினால் வாந்தி எடுப்பாள்.

ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான், இதிலென்ன அதிசயம் என்பீர்கள். இவளுடையது அந்த ரகம் இல்லை. பஸ் கிளம்பியே இருக்காது, டீசல் வாடை மூக்கில் ஏறியதும் வாயில் எச்சில் ஊற ஆரம்பித்துவிடும். அடுத்த ஊரான மாத்தூர் வருவதற்குள் குடலே வெளியே வந்துவிடும். ஏழாம் வகுப்பில் தஞ்சாவூருக்கு டூர் கூட்டிப்போனார்கள். செங்கிப்பட்டி தாண்டவில்லை, அதற்குள் இவளுக்காக மூன்று தடவை பஸ்ஸை நிறுத்தியாகிவிட்டது. மூன்றாவது தடவை டீச்சரின் புதுப் புடவையிலேயே எடுத்துவிட்டாள். "இந்தப் புள்ளயக் கூட்டிட்டுப் போனா நாம போயிச் சேந்த மாதிரிதான்" என்று சொல்லி, ப்யூனோடு எதிர் பஸ்ஸில் ஏற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். நாற்பது பிள்ளைகளும் ஜன்னல் வழியாகக் கை ஆட்டி டாட்டா காட்டின. திரும்பி வந்த பஸ்ஸிலும் எடுத்தாள், அதைச் சொல்லவே வேண்டாம். ஆனால் அந்த நாற்பது கைகளைத்தான் அவளால் மறக்க முடியவில்லை. வாந்திக்கு அவள் பயப்படவில்லை. அந்த வெட்கத்துக்குத்தான் பயந்தாள்.

அப்பா ஆரோக்கியமுத்து சும்மா இருக்கவில்லை. எலுமிச்சம்பழம், இஞ்சிமரப்பா, நவநாள் ஜெபம் என்று எல்லாவற்றையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் போகவே, யாரோ பிள்ளைக்குச் சோற்றில் இடுமருந்து வைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினார். பங்குச் சாமியாருக்குத் தெரியாமல், வயிற்றிலிருந்து மருந்து எடுக்கிற ஆளிடம் சைக்கிளில் கூட்டிப்போனார். அந்த ஆள் ஒரு குழலை வயிற்றில் வைத்து உறிஞ்சி, கறுப்பாக ஓர் உருண்டையைத் துப்பிக் காட்டினான். "இந்தாருக்கு. இனிமே ஒம் மகளக் கப்பல்ல ஏத்தி அனுப்பு" என்றான். சைக்கிள் கேரியரில் வீடு திரும்பும்போதே கம்மாய்க்கரையில் எடுத்தாள்.

கல்யாணமும் அந்த வாந்தி பார்த்துவைத்ததுதான். திண்டுக்கல்லிலிருந்து நல்ல இடம் வந்தது, மாப்பிள்ளை வாத்தியார். "அங்கிட்டுக் குடுத்தா மறுவீட்டுக்கு எப்பிடி வருவா? பஸ்ஸ நிறுத்தி நிறுத்தி வந்து சேர்றதுக்குள்ள மாசமாயிருவா" என்று பெரியவர்கள் பேசிச் சிரித்துவிட்டு, மூன்று தெரு தள்ளி இருந்த அருள்தாஸுக்குக் கட்டிவைத்தார்கள். அந்த அருள்தாஸ் என்ன செய்தார்? குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போனார். பதினாறு வருஷம். ஒவ்வொரு தடவையும் தெருவே வேன் பிடித்து ஏர்போர்ட்டுக்குப் போகும். பெண்டாட்டிக்காரி மட்டும் தெருமுனையில் நிற்பாள். மகள் பிரின்சியைக் கோயம்புத்தூர்க் காலேஜில் சேர்த்தபோது பக்கத்து வீட்டு ஷர்லிதான் கூடப் போய் ஹாஸ்டலில் விட்டு வந்தாள். மகள் எந்தக் கட்டிலில் படுக்கிறாள் என்பதை இவள் போனில்தான் பார்த்தாள். அன்றைக்கு அழுத அழுகை கொஞ்சநஞ்சமில்லை.

அருள்தாஸ் ஒருவழியாக ஊரோடு வந்தார். குட்டியானை என்று எல்லாரும் சொல்கிற சின்ன லோடு வண்டி ஒன்றை வாங்கிப் போட்டார். அக்கம்பக்கத்து லோடு கிடைத்தால் போவார், இல்லாவிட்டால் பேனைப் போட்டுக்கொண்டு படுப்பார். இவளுக்கோ வீட்டுக்குள் இருப்புக்கொள்ளவில்லை. பிள்ளையும் போய்விட்டது. குட்டி போட்ட பூனை மாதிரி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். காய் வாங்கப் போகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு போய் ரோட்டில் நின்று பஸ் போர்டுகளைப் படித்துவிட்டு வந்தாள்.

"எங்கயாச்சும் போவமாங்க?"

"எங்க?"

"எங்கயாச்சும்."

"பதினாறு வருசம் ரோட்டையே பாத்துட்டு வந்துருக்கேன். பேசாம இரு வேளா."

"நீங்க பாத்துட்டீங்க. நான் பாக்கலையே!"

"ஒனக்கு வயிறு ஒத்துக்காது. அதுக்கு நான் என்ன பண்றது?"

எல்லாரும் இப்படித்தான். பழியை அவள் வயிற்றின் மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தார்கள்.

வீட்டில் ஓர் எக்ஸெல் மொபெட் உண்டு. ரேஷன் கடைக்கும் மாவு மில்லுக்கும் அவள்தான் பத்து வருஷமாக அதை ஓட்டுகிறாள். ஒரு நாள் அப்பளம் பொரிக்கும்போது எண்ணெய் தெறித்துக் கையெல்லாம் கொப்புளம். ஷர்லி ஓட்ட, இவள் பின்னால் உட்கார்ந்து மில்லுக்குப் போனாள். கம்மாய்க்கரை வளைவில், "நிறுத்துடி, நிறுத்துடி" என்று இறங்கி ஓரமாகக் குந்தி எடுத்தாள். எடுத்து முடித்தவள் எழுந்திருக்கவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு மொபெட்டையே பார்த்தாள். அதே வண்டி. அதே ரோடு. முந்தாநாள் இதே வளைவில் இவள்தானே ஓட்டிக்கொண்டு போனாள்?

"ஷர்லி, நான் ஓட்டுறப்ப என்னைக்காச்சும் எடுத்துருக்கேனா?"

"இல்லக்கா."

"ஒரு தடவகூட?"

"இல்லன்னா இல்லதான். ஏன் கேக்குறீங்க?"

"அடிப் பாவி, ஓட்டுறவளுக்கு வாந்தி வராதுடி!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்த கையோடு ஆத்திரமும் வந்தது. முப்பது வருஷமாக அவள் வயிற்றுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். ஜன்னல் சீட் கொடுத்தார்கள், முன் சீட் கொடுத்தார்கள். அந்த ஒரே ஒரு சீட்டை மட்டும் கொடுத்துப் பார்க்க ஒரு பயலுக்கும் தோன்றவில்லை. பொம்பளைப் பிள்ளையாயிற்றே, எப்படித் தோன்றும்! கொப்புளக் கையாலேயே ஷர்லியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓட்டி வந்தாள்.

மறுவாரம் மாத்தூரில் உதயசூரியன் என்பவர் நடத்துகிற டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தாள். ஒரே காரில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு, ஆளுக்குக் கொஞ்ச தூரம் ஓட்டவிடுவதுதான் அங்கே வழக்கம். முதல் நாள் இவளுக்கு நாலாவது முறை. முதல் ஆள் கியரை மாற்றத் தெரியாமல் காரைக் குலுக்கிக் குலுக்கி எடுத்தான். அப்புறம் என்ன, இவள் முறை வருவதற்கு முன்னாலேயே கார் நாறிப்போனது.

"என்னம்மா நீங்க! ஸ்டீயரிங்கையே தொடல, அதுக்குள்ள காரக் கழுவ வச்சுட்டீங்களே" என்று உதயசூரியன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சார், எனக்கு மொதல்ல குடுங்க. ஓட்டுனா வராது."

"மொதல்ல குடுக்குறேன். முடிஞ்சதும் பின்னாடி உக்காந்துதானே வரணும்?"

"உக்கார மாட்டேன். எறங்கிக்கிறேன்."

"எறங்கி?"

"நடந்து வந்துர்றேன்."

உதயசூரியன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பைத்தியமோ என்றுகூட நினைத்திருப்பார். ஆனால் அப்படியேதான் நடந்தது. காலையில் எக்ஸெல்லை மாத்தூரில் நிறுத்துவாள். முதல் ஆளாக ஸ்டீயரிங்கைப் பிடிப்பாள். ஐந்து கிலோமீட்டர் தள்ளி இறங்கிக்கொள்வாள். கார் மற்றவர்களோடு போய்விடும். இவள் முக்காடு போட்டுக்கொண்டு வெயிலில் திரும்பி நடப்பாள். இருபத்திரண்டு நாள். "போறப்ப கார்ல போறீங்க, வாறப்ப நடந்து வாறீங்க. தெனமுமா சண்ட போட்டு எறக்கி விடுறாக?" என்று ரோட்டோரக் கம்பெனி வாட்ச்மேன் ஒருவர் கேட்டேவிட்டார். அவரிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே நடந்தாள்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? வாந்திக்காரி கார் ஓட்டுகிறாளாம் என்று கோயில் வாசலில் சிரித்தார்கள். அருள்தாஸும் முதலில் சிரித்தார். லைசென்ஸ் வந்த அன்றைக்கு அவர் முகத்தில் சிரிப்பில்லை.

"சரி, சந்தோசம். பத்திரமா பீரோவுல வையி" என்றார்.

"பீரோவுல வைக்கவா அவ்ளோ தூரம் நடந்தேன்? சாவியக் குடுங்க."

"லோடு வண்டி வெளாட்டுச் சாமானா? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா பிரின்சிக்கு யாரு பதில் சொல்றது?"

சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே திரிந்தார். இவள் சாயந்தரமானால் நிறுத்தியிருக்கிற வண்டியில் ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பாள். தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்கள். பார்க்கட்டுமே! அவளுக்கு வேண்டியது பெரிய ராஜ்ஜியம் ஒன்றும் இல்லை. இதுவரை பார்க்காத ஓர் ஊருக்குத் தன் இஷ்டத்துக்குக் கிளம்ப வேண்டும், போய்ச் சேர வேண்டும், நடுவழியில் யாரும் அவளைத் திருப்பி அனுப்பக் கூடாது. அது நடக்காமலே செத்துப்போய்விடுவோமோ என்று அவளுக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

ஜூன் மாதம் சுகுணா டீச்சருக்குக் கட்டுமாவடிக்கு டிரான்ஸ்பர் வந்தது. ஆவூரில் ஆறு வருஷம் வாடகைக்கு இருந்தவர். வீட்டுச் சாமானை ஏற்றிப்போக அருள்தாஸைத்தான் சொல்லியிருந்தார். சனிக்கிழமை காலையில் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. கடைசியாகப் பீரோவைத் தூக்கும்போது, "ஆத்தாடி!" என்று ஒரு சத்தம். அருள்தாஸுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. நிமிரவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை. நாலு பேர் சேர்ந்து பாயில் கொண்டுவந்து கிடத்தினார்கள்.

படுத்தபடியே ஏழெட்டு டிரைவர்களுக்குப் போன் போட்டார். முகூர்த்த நாள், ஒருத்தனும் சும்மா இல்லை. டீச்சர் திங்கள்கிழமை வேலையில் சேர வேண்டும். வேளாங்கண்ணி பாய்க்குப் பக்கத்தில் போய் நின்று கையை நீட்டினாள்.

அருள்தாஸ் டீச்சரைப் பார்த்தார். "நீங்க என்ன டீச்சர் சொல்றீங்க?"

"எனக்குப் பயமாத்தான் இருக்குண்ணே. ஆனா அக்கா நடந்த நடைய இந்த ஊரே பாத்துச்சு. போயிருவோம்."

சாவி கைக்கு வந்தது. "நாப்பதுக்கு மேல போவாத. புதுக்கோட்டை போயி போன் பண்ணு. அறந்தாங்கி போயி போன் பண்ணு" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இவள் வாசலைத் தாண்டிவிட்டாள்.

கீரனூர் வரை டீச்சர் கைப்பிடியை விடவே இல்லை. புதுக்கோட்டை வரைக்கும் லைசென்ஸ் டெஸ்டுக்கு உதயசூரியன் காரை இவளே ஓட்டிவந்த ரோடு, தெரியும். அதற்கு அங்கிட்டு எல்லாமே புதுசு. வழியில் வந்த ஒவ்வொரு ஊர்ப் பேரையும் வாய்விட்டுப் படித்தாள். "டீக் குடிச்சுட்டுப் போவமாக்கா?" என்று டீச்சர் கேட்டதற்கு, "குடிக்கலாம், குடிக்கலாம்" என்றாளே தவிர நிறுத்தவில்லை. நிறுத்தினால் யாராவது வந்து திருப்பி அனுப்பிவிடுவார்கள் போல ஒரு பதைப்பு. பின்னால் குடமும் கட்டிலும் கடகடவென்று ஆடின. இவள் வயிறு கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. அறந்தாங்கி தாண்டியதும் தொண்டை அடைத்துக்கொண்டு வந்தது; வாந்தியோ என்று ஒரு கணம் பயந்துபோனாள். இல்லை, அழுகைதான்.

கட்டுமாவடியில் வாடகை வீட்டுச் சொந்தக்காரர் சோலையப்பனும் அவர் சம்சாரம் பொன்னுத்தாயும் வாசலிலேயே நின்றார்கள். சோலையப்பனுக்குச் சொந்தமாகப் பைபர் படகு உண்டு. சாமானை இறக்கி வைத்ததும் பொன்னுத்தாய் இலை போட்டு மீன்குழம்பு ஊற்றினாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாத வேளாங்கண்ணி மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். பிறகு கரைக்கு நடந்தார்கள். அவள் முதன்முதலாகக் கடலைப் பார்த்தாள். அலையே இல்லாமல், பழுப்பும் பச்சையுமாக, அது பாட்டுக்குக் கிடந்தது. அதன் கடைசி எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நண்டு வலை போட்டுருக்கேன், பாத்துட்டு வரணும். நீங்களும் வாங்க டீச்சர். நீயும் வாத்தா" என்றார் சோலையப்பன்.

வேளாங்கண்ணி படகின் பின்னால் இருந்த எஞ்சினைப் பார்த்தாள். "அண்ணே, அந்தக் கம்பிய நான் புடிச்சு ஓட்டட்டுமா?"

சோலையப்பன் விழுந்து விழுந்து சிரித்தார். "இது என்ன அறந்தாங்கி ரோடா? எங்க மேடு கெடக்கு, எங்க அடுத்தவன் வல கெடக்குன்னு எனக்குல்ல தெரியும்!"

"அப்ப நான் வரலண்ணே. வண்டிகிட்ட இருக்கேன்."

டீச்சர் எவ்வளவோ கூப்பிட்டும் அவள் அசையவில்லை. வேப்பமரத்தடியில் குட்டியானைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அந்த நேரம் பார்த்து அருள்தாஸ் போன் போட்டார்.

"சேந்துட்டியா?"

"சேந்துட்டோம். எறக்கியாச்சு."

"வாந்தி?"

"எடுக்கல."

"அடி சக்கை! ஜெயிச்சுட்டே போ. அது போதும், கெளம்பி வந்துரு."

நல்ல வார்த்தைதான் சொன்னார். ஆனால் போனை வைத்த பிறகு அவளுக்கு உள்ளே என்னவோ அரித்தது. அது போதுமா? கையில் ஸ்டீயரிங் இருந்தால் வாந்தி இல்லை, சரி. உலகத்தில் இருக்கிற எல்லா ஸ்டீயரிங்கையும் இவள் கையிலேயே கொடுத்துவிடுவார்களா? கோயம்புத்தூர் ரயிலை இவளை ஓட்டச் சொல்வார்களா? இத்தனை நாள் பஸ்ஸுக்குப் பயந்து வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள். இனிமேல் குட்டியானைக்குள் உட்கார்ந்திருக்கப் போகிறாள். இதற்குப் பேர் ஜெயிப்பா? கண் முன்னால் கடல் கிடக்கிறது, இவள் வண்டிக்குக் காவல் காக்கிறாள்! தூ என்று தன் மேலேயே கோபம் வந்தது.

கதவைப் படாரென்று சாத்திவிட்டு ஓடினாள். படகு தண்ணீரில் இறங்கியிருந்தது. "இருங்க! நானும் வாரேன்!" என்று கத்திக்கொண்டே புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றுத் தண்ணீரில் இறங்கினாள். டீச்சரும் சோலையப்பனும் ஆளுக்கொரு கையாகப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார்கள்.

"அண்ணே, முன்கூட்டியே சொல்லிர்றேன். நான் வாந்தி எடுப்பேன்."

"எடு ஆத்தா. கழுவிவிட இது என்ன வீடா?"

எஞ்சின் புகை மூக்கில் ஏறியதுமே வாயில் எச்சில் ஊறியது. கொஞ்ச தூரம் போனதும் காற்று பிடித்தது, படகு பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தது. பிடித்துக்கொள்ள ஸ்டீயரிங் இல்லை, பலகையைத்தான் பிடித்தாள். பல்லைக் கடித்துப் பார்த்தாள், கண்ணை மூடிப் பார்த்தாள். வேலைக்காகவில்லை. விளிம்பில் சாய்ந்து, பொன்னுத்தாயின் மீன்குழம்பு அத்தனையையும் கடலுக்கே திருப்பிக் கொடுத்தாள். எடுத்து முடித்துத் தலை நிமிர்ந்தபோது முகம் வெளிறி, கண்ணில் நீர் கோத்து, மூக்கு ஒழுகி, பார்க்கச் சகிக்கவில்லை. பன்னிரண்டு வயதில் பட்ட அதே வெட்கம் உச்சந்தலைக்கு ஏறியது.

"ஐயையோ, அண்ணே, திருப்புங்க, அக்காவுக்கு முடியல" என்று டீச்சர் பதறினார்.

சோலையப்பன் எஞ்சினைத் தணித்தார். படகு நின்ற இடத்திலேயே தத்தளித்தது. அவர் கை கம்பியைக் கரைப் பக்கம் திருப்புவதை வேளாங்கண்ணி பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் அந்த வெட்கம் எங்கே போனதென்று தெரியவில்லை, சுறுசுறுவென்று கோபம்தான் வந்தது.

"யாரக் கேட்டுத் திருப்புறீங்க?"

"ஒனக்கு முடியலையேம்மா..."

"எடுத்தா செத்தா போவேன்?" கடல் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். அதற்குள் அடுத்தது வந்துவிட்டது. அவசரமில்லாமல் விளிம்பில் குனிந்து, நிதானமாக எடுத்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"வலையப் பாக்கத்தானே வந்தோம்? பாத்துட்டுத்தான் திரும்பணும். நான் பாட்டுக்கு எடுத்துக்கிட்டே வாரேன். நீங்க ஓட்டுங்கண்ணே!"

சோலையப்பன் கம்பியைக் கடல் பக்கம் திருப்பி எஞ்சினை முறுக்கினார்.